விளக்குக்குச் சட்டை தைப்பவள்

விளக்குக்குக் கூடு செய்கிற தொழிலில் கால்வாசி நேரம் தையல், முக்கால்வாசி நேரம் சுவிட்சைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருப்பது.

லாம்ப் ஷேடு என்று சொன்னால்தான் நிறையப் பேருக்குப் புரிகிறது. பல்பைச் சுற்றி ஒரு கம்பிச் சட்டம், சட்டத்தின் மேல் துணி, அதற்குள் உள்துணி. அவ்வளவுதான் சமாசாரம். துணி மட்டும் புதிதாக இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பழைய பட்டு, பழைய சுங்குடி, பழைய நூல் புடவை என்று தேடித் தேடி எடுப்பேன். வருஷக்கணக்காகத் துவைத்து, வெயிலில் காய்ந்து, யாரோ ஒருவர் உடம்பில் கிடந்து மெலிந்த துணி வழியாக வெளிச்சம் வருகிற விதமே வேறு. கடையில் மீட்டர் கணக்கில் வாங்குகிற துணியில் அது வராது. நானும் முயன்று பார்த்தாயிற்று.

ஸ்ரீரங்கத்தில் மேல உத்தர வீதியில் ஒரு மாடி அறைதான் எங்கள் பட்டறை. மத்தியானம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, முடிந்த கூடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுவரில் மாதுளை நிறம் படரும், இன்னொன்றில் சந்தன நிறம். ஜன்னல் இடுக்கில் ஆற்றுக் காற்று நுழைந்தால் தொங்குகிற கூடுகள் மெல்லத் திரும்பும், சுவரில் நிறங்களும் கூடவே நகரும். அந்த நேரத்தில் என் பெயரைக் கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வேன். கூட வேலை செய்கிற செல்வி அப்படி இல்லை. லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். அவளுக்கு மணி என்ன என்பது எப்போதும் தெரியும்.

எங்கள் தொழிலில் பயம் என்றால் ஒன்றுதான், கத்தரி. தையல் தப்பினால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டியது வெட்டியதுதான். அதுவும் வாடிக்கையாளர் கொண்டுவருவது உலகத்தில் அது ஒன்றுதான் இருக்கிற துணியாக இருக்கும். கையால் எதையாவது செய்து பிழைக்கிற உங்கள் எல்லோருக்கும் இந்த நடுக்கம் தெரிந்திருக்கும். ஒரு தடவை நான் வெட்டக் கூடாததை வெட்டிவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எடுத்த எடுப்பில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் முதலில் இரண்டு மூன்று சில்லறைச் சங்கதிகள்.

கதவு எந்தப் பக்கம்

சட்டம் அடித்துத் தருகிறவர் பாலக்கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய். ஜன்னல் கிரில், கேட், கோழிக்கூடு எல்லாம் செய்வார். முதல் தடவை போனபோது காகிதத்தில் வரைந்து காட்டினேன். மேலே சின்ன வளையம், கீழே பெரிய வளையம், இரண்டையும் சேர்க்க ஆறு கம்பி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். நான் பாட்டுக்கு, இதன் மேல் பட்டு வரும், பட்டு வழியாக வெளிச்சம் இறங்கும், அறையே தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அளந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டு முடித்துவிட்டுக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"எல்லாம் புரிஞ்சுதுங்க. கோழி உள்ள போறதுக்குக் கதவு எந்தப் பக்கம் வைக்கணும், அதை மட்டும் சொல்லிடுங்க."

மாமியாரின் சுங்குடி

தில்லை நகரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரம்மா ஒருவர், காலமான மாமியாருடைய சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்தார். நோயாளிகள் காத்திருக்கிற அறையில் தொங்கவிட வேண்டுமாம். பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்திருப்பவர்களுக்கு மனசு கொஞ்சம் சாந்தமாக இருக்கட்டும் என்றார். நல்ல யோசனை என்று எனக்கும் பட்டது.

அவர் கூட்டை எடுக்க வந்த அன்று ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டோம். புள்ளிகள் எல்லாம் சுவரில் நட்சத்திரமாகச் சிதறின. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல். கிழிசலை இழையோட்டித் தைத்த இடம் அது. பகல் வெளிச்சத்தில் கையில் வைத்துப் பார்த்தபோது எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் படவில்லை. அவ்வளவு நுணுக்கமான தையல். எனக்கு அதைத் தைத்த மாமியாரைப் பார்க்காமல் போனோமே என்று இருந்தது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். டாக்டரம்மா கிட்டே போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மெதுவாகச் சிரித்தார்.

"முப்பது வருஷமா எங்க அத்தை, என் புடவை ஒண்ணுகூடக் கிழிஞ்சதில்ல, நீதான் கட்டுறதை எல்லாம் கிழிக்கிறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. இதைச் சுவத்துப் பக்கம் வைக்காதீங்க, என் ரூம் சேர்ல உக்காந்தா தெரியுற மாதிரி வைங்க."

பச்சைத் துண்டு

உப்பிலியபுரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார், மனைவியோடு. தோளில் போட்டுப் போட்டு வெளிறிப்போன பச்சைத் துண்டு ஒன்றைக் கொடுத்து, புது வீட்டுப் படுக்கையறைக்கு இதில் ஒரு கூடு வேண்டும் என்றார். துண்டு தானே என்று அசட்டையாகத்தான் எடுத்தேன். முடித்து விளக்கைப் போட்டால் அறை முழுக்க இளம் பச்சை. நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கும்போது கீழேயிருந்து ஒரு வெளிச்சம் வருமே, அது. செல்விகூட கையில் இருந்த ஊசியை மறந்து நின்றாள். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே இரண்டு எட்டு எடுத்து வைத்தார், வேட்டியை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி. அவர் மனைவி வாசல்படியிலேயே நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பகல் பூரா வயல்லயே கெடப்பாரு. இனிமே ராத்திரியும் அங்கதான்னு ஆகிப்போச்சு."

மூட்டை

இனிமேல் தள்ளிப்போட முடியாது. வரதன் மாமா விஷயத்துக்கு வருகிறேன்.

வரதன் மாமா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. மாமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஒரே பெண் வைதேகி பெங்களூரில் இருக்கிறாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில், இரண்டு கையாலும் ஒரு மூட்டையை ஏந்திக்கொண்டு மாடி ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் மூட்டை மடியிலேயே இருந்தது. படுக்கிற அறையில், தலைமாட்டில் வைக்க ஒரு விளக்கு வேண்டும் என்றார். மாமியின் துணியில்.

பிரித்துப் பார்க்கலாமா மாமா என்று முடிச்சில் கை வைத்தேன். மாமா என் கையை மெல்ல விலக்கினார். அது மாமி போட்ட முடிச்சாம், தன் எதிரில் அவிழ்க்க வேண்டாம் என்றார். உள்ளே என்ன இருக்கிறது, எதில் செய்ய வேண்டும் என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை கேட்டேன். மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"அவிழ்த்துப் பார்த்தா உனக்கே தெரியும்மா, எதுல பண்ணணும்னு. இதைப் போய் நான் சொல்லணுமா?"

வெட்டு

முடிச்சை அவிழ்த்தோம். வெளியே சுற்றியிருந்தது ஒரு நூல் புடவை. சாம்பல் கலந்த நீலத்தில் கட்டம் போட்டது. துவைத்துத் துவைத்துக் குழந்தைத் துணி போல மெத்தென்று ஆகியிருந்தது. அதற்குள்ளே ஒன்பது கஜம் பட்டு. வெங்காயத் தோல் நிறம். பட்டுப் புடவையை யாரும் வெறுமனே பெட்டியில் வைப்பதில்லை, ஜரிகை கறுத்துவிடும். பழைய நூல் துணியில் சுற்றித்தான் வைப்பார்கள். உங்கள் வீட்டு பீரோவிலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே பட்டு சாமான், நூல் புடவை அதன் உறை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அதோடு, அந்தப் பட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். அங்கேதான் புத்தி போயிற்று. வயசாகி இழை மெலிந்த பட்டு. அதன் வழியே தெரு தெரிந்தது, தெருவில் போன பால்காரர் தெரிந்தார், எதிர்வீட்டு மாடி, மாடிக்கு மேலே கோபுரத்தின் உச்சி, எல்லாமே பொழுது விடிகிற நேரத்து நிறத்தில் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. செல்வி ஏதோ சொன்னாள், காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. துணியை மேஜையில் விரித்து, முந்தானையைத் தொடாமல், உள்பக்க முனையிலிருந்து ஒன்றரை கஜம் வெட்டினேன். அதைச் சட்டத்துக்கு ஏற்றபடி குறுக்குவாட்டில் துண்டு போட்டேன். உள்துணிக்கு வழக்கமாக வெள்ளை மல் துணி வைப்போம். உறைத் துணி மெத்தென்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாம், மாமியின் துணி வீணாக வேண்டாம் என்று தாராள மனசோடு அதிலும் கொஞ்சம் வெட்டிச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு துணியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"வெட்டறதுக்கு முன்னாடி மாமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்க்கா. ரெண்டு தெரு தள்ளித்தான இருக்காரு."

போன்

மூன்று நாளில் கூடு முடிந்துவிட்டது. கம்பிக்கு நாடா சுற்றி, பட்டை இழுத்துப் பின் குத்தி, பொடித் தையல் போட்டு, ஓரத்துக்குப் பின்னல் கயிறு ஒட்டி, உள்துணியும் வைத்தாயிற்று. பல்பு மாட்டிப் பார்ப்பது மட்டும் பாக்கி. ஜன்னலைச் சாத்தப் போகும்போது போன் அடித்தது. மாமா. நான்கு வார்த்தை பேசினார், குரலில் அவ்வளவு நிம்மதி.  சரிங்க மாமா, சரிங்க மாமா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விளக்கு மெதுவா ஆகட்டும்மா, அவசரமில்லை. உள்ள சுத்தி வெச்சிருந்த பட்டை மட்டும் வைதேகிகிட்ட குடுத்துடு, சனிக்கிழமை வரா. அவ அம்மா அவளுக்குன்னு எடுத்து வெச்சது."

ஏழரை கஜம்

அதாவது விளக்கு செய்யச் சொன்னது நூல் புடவையில். உறை என்று நான் நினைத்ததுதான் சாமான். நான் வெட்டியது, ஒரு அம்மா பெண்ணுக்கு என்று சுற்றி முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போன புடவை.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. கூட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டேன், பார்க்கவே பிடிக்கவில்லை. அதே நிறத்தில் கடையில் வேறு கிடைக்குமா என்று யோசித்தேன். ஒட்டுப்போட முடியுமா என்று யோசித்தேன், குறுக்கே துண்டு போட்டதை எதில் ஒட்டுவது. நான் ஊருக்குப் போயிருக்கிறேன் என்று செல்வியைச் சொல்லச் சொல்லலாமா என்றும் யோசித்தேன், வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்ல என்னால் முடியாது என்று செல்வி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். அம்மா மண்டபத்துப் படித்துறையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஆறு நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அது பாட்டுக்குப் போயிற்று, எனக்கு ஒரு வழியும் சொல்லவில்லை.

வைதேகி வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், மாமாவின் அதே நெற்றி. புடவையை அவள் கையில் வைத்துவிட்டு, அவள் பிரிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். வெட்டிவிட்டேன், கேட்காமல் வெட்டிவிட்டேன், மிச்சம் ஏழரை கஜம் இருக்கிறது என்று. அவள் புடவையைப் பிரித்து, வெட்டின முனையைத் தேடி எடுத்து, விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து, போட்டிருந்த சுடிதார் மேலேயே சாதாரணமாக எல்லோரும் கட்டுகிற ஆறு கஜக் கட்டு கட்டிப் பார்த்தாள். மிச்சத்தைக் கொசுவத்தில் மடித்துச் செருகினாள். எங்கள் பழைய கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது, எனக்கும்தான்.

"எனக்கு ஒன்பது கஜம் கட்டிக்கத் தெரியாதுக்கா. பெட்டியில வெச்சு வருஷா வருஷம் மடிப்பு மாத்திண்டிருப்பேன்னுதான் நினைச்சேன், இப்ப இதைக் கட்டிக்கலாம். ஆனா அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களேதான் சொல்லணும்."

சுவிட்ச்

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எதையும் ஒளிக்காமல் சொன்னேன். பட்டை வெட்டியது, நூல் புடவையை உள்துணியாக்கியது, இரண்டு தெரு தள்ளி இருந்தும் கேட்காமல் விட்டது. மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.  தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, வகுப்பில் கணக்கை விளக்குகிற குரலிலேயே ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷம்மா. அவ பட்டு கட்டிண்டா எங்கயோ கிளம்பறான்னு அர்த்தம். கல்யாணம், சீமந்தம், இல்லேன்னா அவ அண்ணா ஆத்து விசேஷம். நான் பாட்டுக்கு சாவியைத் தேடிண்டு பின்னாலயே ஓடணும். இந்தக் கட்டம் போட்டதைக் கட்டிண்டிருந்தா ஆத்துல இருக்கான்னு அர்த்தம். ஈர முடியோட உள்ளயும் வெளியிலயும் நடந்துண்டே இருப்பா. கடைசியா பட்டு உடுத்தித்தான் அவளை அனுப்பி வெச்சோம். எனக்கு அவ ஆத்துல இருந்தாப் போறும்மா. அதுக்குத்தான் கேட்டேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நூல் புடவையில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது, நாளைக்கே வேறு ஒன்று ஆரம்பிக்கிறேன், இதைப் பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். மாமா தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசல் வரை போனவர், செய்தவளுக்கு வருத்தமாக இருக்கக் கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, செய்ததை ஒரு தடவை காட்டு என்றார். செல்வி மூடியிருந்த துணியை எடுத்தாள். வெங்காயத் தோல் நிறப் பட்டு, ஓரத்தில் கயிறு, பளிச்சென்று இருந்தது. மாமா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

செல்விக்கு என்ன தோன்றியதோ, ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். பல்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். போன் வந்த நாளிலிருந்து யாருமே அதைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. விளக்கு எரிந்ததும் பட்டின் நிறம் பின்வாங்கிப் போயிற்று. உள்ளேயிருந்து கட்டங்கள் வந்தன. சாம்பல் நீலக் கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கலங்கலாக, சுவரிலும் தரையிலும் மாமாவின் சட்டையிலும். ஒரு இடத்தில் மஞ்சள் கறை, நாலு விரல் துடைத்த அளவுக்கு. அறை முழுக்க அந்தப் புடவை இருந்தது. ஒருவர் இப்போதுதான் சமையலறையிலிருந்து வந்து நிற்பது போல இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிக்கக் கூடாது.

மாமா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கையை நீட்டிச் சுவிட்சை அணைத்தார். பட்டு. போட்டார். கட்டம். மறுபடி அணைத்தார், மறுபடி போட்டார். நானும் செல்வியும் சுவர் ஓரமாக நின்றோம். கடைசியில் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அணைச்சா கிளம்பிடறா, போட்டா ஆத்துக்கு வந்துடறா. இதுவே இருக்கட்டும்மா, நான் அணைக்கப் போறதில்லை."

இப்போதெல்லாம் எந்தத் துணி, எதற்காக என்று வாடிக்கையாளரிடம் கேட்காமல் கத்தரியைத் தொடுவதில்லை என்பதால், அவர்கள் சொல்வதைக் கேட்டு முடிப்பதற்கே நாள் சரியாக இருக்கிறது, கூடு செய்யத்தான் நேரம் கிடைப்பதில்லை.